விளையாட்டுக்கும் ஒரு படிப்பா?

மாங்குளம் சந்தியில் நிற்பவனுக்கு வழி நான்கு. வடக்கே கிளிநொச்சி; தெற்கே வவுனியா; கிழக்கே ஒட்டுசுட்டானைக் கடந்து முல்லைத்தீவுக் கடற்கரை; மேற்கே துணுக்காய், மல்லாவிப் பக்கமாய் வெள்ளாங்குளம். எங்கிருந்து எங்கே போவதானாலும் வன்னியான் இந்தச் சந்தியில் இறங்கி ஒரு தேநீர் குடித்துவிட்டே போவான். அப்படி ஒரு மாலை நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்த வேளையில் அயற்கிராமத்து அன்பர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். கையில் பல்கலைக்கழக அனுமதிக் கைநூல். பின்னால் அவருடைய மகள், தலையைக் குனிந்தபடி, ஆனால் முகத்தில் ஒரு பிடிவாதத்தோடு.

“மாஸ்ரர், இவள் உயர்தரத்தில நல்லாய்ச் செய்திருக்கிறாள். இப்ப விளையாட்டு விஞ்ஞானம் படிக்கப் போறன், அதில உளவியல் எண்டு ஒண்டிருக்காம், மேற்கொண்டு அதைத்தான் படிப்பன் எண்டு நிக்கிறாள். விளையாட்டுக்கும் ஒரு படிப்போ? நீங்கள் ஒருக்கால் புத்தி சொல்லுங்கோ.”

புத்தி சொல்லத் தகுதியுள்ளவன்தானா நான் என்ற ஐயம் எனக்கு அப்பொழுதே எழுந்தது. அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன். அன்று அவருக்குச் சொன்னவற்றையும், சொல்ல எண்ணித் தேநீரோடு விழுங்கிவிட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதத் துணிந்தேன்.

அந்தத் தந்தையைக் குறை கூறுவதற்கில்லை. குற்றம் நம்முடைய வழக்கிலேயே இருக்கிறது. ‘விளையாட்டாய்ச் சொன்னேன்’ என்றால் மெய்யாகச் சொல்லவில்லை என்பது பொருள். ‘விளையாட்டுப் பிள்ளை’ என்றால் பொறுப்பறியாதவன். பரீட்சையில் தவறியவனுக்கு முதலில் கிடைக்கும் வசை, ‘பந்தோடு திரிந்தாய், பட்டாய்’ என்பதே. பழந்தமிழர் விளையாட்டை இவ்வளவு மலிவாக எண்ணினார்கள் என்று தோன்றவில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உவகை பிறக்கும் நிலைக்களங்கள் நான்கு என்று வகுத்து, செல்வம், அறிவு, புணர்ச்சி ஆகியவற்றோடு ஒரே வரிசையில் விளையாட்டையும் வைத்தார். மெய்ப்பாடு என்ற சொல்லையே சற்று நோக்குங்கள். உள்ளத்தில் நிகழ்வது மெய்யிலே புலப்படுதல். உள்ளம் நடுங்கினால் உடல் வியர்க்கிறது. உள்ளம் பூரித்தால் மயிர் சிலிர்க்கிறது. இந்தப் பாதையை இரு திசையிலும் நடந்து பார்ப்பதுதான் அந்தப் பெண் படிக்க விரும்பிய கல்வி. உள்ளம் உடம்பை என்ன செய்கிறது என்று கேட்பது விளையாட்டு உளவியல். உடம்பு உள்ளத்தை என்ன செய்கிறது என்று திருப்பிக் கேட்பது உடற்பயிற்சி உளவியல். மேல்நாட்டார் இரண்டையும் ஒரே துறையாகக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

துறை அவ்வளவு புதியதும் அன்று. 1898இல் அமெரிக்காவில் நோர்மன் டிரிப்லெட் என்பவர், சைக்கிள் ஓட்டக்காரர்கள் தனியே ஓடும்போதைவிடப் பிறரோடு போட்டியிட்டு ஓடும்போது விரைந்து ஓடுவதைப் பதிவேடுகளிற் கண்டார். காரணம் தேட எண்ணிச் சிறுவர்களிடம் தூண்டில் நூல் சுற்றும் உருளைகளைக் கொடுத்துத் தனியாகவும் சோடியாகவும் சுற்றச் சொல்லி அளந்தார். 1925இல் கோல்மன் கிரிபித் என்பார் இலினோய்ப் பல்கலைக்கழகத்தில் இதற்கென ஓர் ஆய்வுகூடமே அமைத்தார். பணமில்லை என்று 1932இல் அதனை மூடிவிட்டார்கள். 1965இல் உரோமாபுரியில் இத்துறையினர் முதன்முதலாக உலக மாநாடு கூட்டினர். இவ்வளவு போதும் அதன் வரலாறு.

அண்மைக் காலத்துச் செய்தி ஒன்று வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். 2024ஆம் ஆண்டு டிசெம்பரில் சிங்கப்பூரில் பதினான்காவது ஆட்டத்தில் டிங் லிரெனை வென்று, பதினெட்டு வயதில் உலகச் சதுரங்க வீரனான சென்னை இளைஞன் குகேஷுக்குத் துணை நின்றவர்களுள் ஒருவர் பாடி அப்டன். காய் நகர்த்துவது அவர் வேலையன்று, மனத்தைப் பதப்படுத்துவது. 2011இல் உலகக் கிண்ணம் வென்ற இந்தியத் துடுப்பாட்ட அணிக்கும் அதே வேலையைச் செய்தவர் அவர். இச்செய்தியைச் சொன்னபோது அந்தத் தந்தையின் முகம் சற்று மலர்ந்தது. ‘அப்ப உழைப்பு இருக்குது’ என்று அவர் எண்ணியிருப்பார். அதையும் நான் குறை கூறேன். வறுமை தின்ற மண்ணில் பிள்ளையின் படிப்பைப் பற்றி முதலில் எழும் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் எனக்கு உண்மையான அக்கறை அந்தப் பாதியில் இல்லை. பதக்கம் வாங்கித் தரும் வித்தையாக மட்டும் இதைக் கருதினால், வன்னிக்கு இது ஓர் ஆடம்பரம் என்று சொல்பவர்களோடு நானும் சேர்ந்துகொள்வேன். மற்றைப் பாதியே நமக்கு உரியது. ஏன் என்று சொல்லுமுன் என் பிழையொன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மீள்குடியேறிய புதிதில், வன்னிப் பாடசாலை ஒன்றில் நான் கற்பித்துக்கொண்டிருந்தேன். பெயர் வேண்டா. கூரைக்குத் தகரம் போட்டு ஓராண்டுகூட ஆகவில்லை. ஆயினும் இல்ல மெய்வல்லுனர்ப் போட்டி நடத்தியே தீருவது என்று பிடிவாதமாக நின்றவர்களுள் நானும் ஒருவன். பிள்ளைகள் சிரிக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எண்ணம் இல்லை. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டோம். இல்லங்களுக்குக் கடதாசியால் அலங்காரம் செய்தோம். யாரோ ஒருவர் எங்கிருந்தோ தொடக்கத் துப்பாக்கி ஒன்றை இரவல் வாங்கி வந்தார். பெரிய பாடசாலைகளில் நடப்பதுபோலவே நடக்க வேண்டும் என்ற ஆசை.

நூறு மீற்றர் ஓட்டம். எட்டுப் பிள்ளைகள் வரிசையில் குந்தினார்கள். மூன்றாவது சுவட்டில் இருந்தவன், பயிற்சியில் எல்லாரையும் பின்தள்ளி ஓடிய பையன். அவன் வெல்வான் என்பதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை. வெடி கேட்டது. ஏழு பேர் ஓடினார்கள். அவன் ஓடவில்லை. முகம் மண்ணில் பதியக் குப்புற விழுந்து, இரண்டு கைகளாலும் பிடரியை மூடிக்கொண்டு கிடந்தான். பதுங்குகுழிக் காலத்தில் தாயார் சொல்லிக்கொடுத்த பாடத்தை அவன் உடம்பு மறக்கவில்லை. கொட்டகையில் இருந்தவர்களுள் சிலர் சிரித்தார்கள், சிலர் சிரிக்கவில்லை. ஊதுகுழலோடு கோட்டருகே நின்ற நான் என்ன செய்தேன்? “எழும்பி ஓடடா!” என்று கத்தினேன்.

அவன் எழும்பினான்; ஓடவும் செய்தான்; கடைசியாகப் போய்ச் சேர்ந்தான். அதன் பின் அவன் அந்த மைதானத்துக்கு வரவே இல்லை. அடுத்த ஆண்டு துப்பாக்கியை விட்டுக் கொடியசைத்துத் தொடங்கினோம். அதுவும் வேறோர் ஆசிரியை சொல்லித்தான் எனக்குப் புத்தியில் பட்டது. ஆசிரியர் கலாசாலையில் எனக்கு உடற்கூற்றியல் கற்பித்தார்கள்; குழந்தை உளவியலும் கற்பித்தார்கள்; சுவடு எத்தனை அங்குல அகலம் என்பதுகூடக் கற்பித்தார்கள். உடம்பு அஞ்சும்போது அதனோடு எப்படிப் பேசுவது என்று ஒருவரும் கற்பித்ததில்லை. அன்று அக் கோட்டருகே அறிந்தவர் ஒருவர் நின்றிருந்தால் என்ன செய்திருப்பார் என்பதைப் பின்னர் நூல்களில் தேடிப் படித்தேன். அந்த ஒலியை அவன் அறியாத வேளையில் முதலிற் காட்டியிருக்க மாட்டார். தூரத்தில் கைதட்டலில் தொடங்கி, ஊதுகுழலுக்கு வந்து, அவனே வெடியைப் பற்றிக் கேட்கும்வரை காத்திருந்து, நாட்கணக்கில் சிறிது சிறிதாகக் கிட்ட வரச் செய்திருப்பார். அவன் விழுந்தது கோழைத்தனமன்று. அவனை உயிரோடு வைத்திருந்த ஒரு திறமை தவறான இடத்தில் வெளிப்பட்டது என்று அவனுக்கும், சிரித்தவர்களுக்கும் சொல்லியிருப்பார். வெகு சாதாரணமான காரியங்கள். ஆனால் அறிந்தவனுக்கே சாதாரணம்.

இனி மற்றைப் பாதிக்கு வருவோம். போர் முடிந்த 2009ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் யாழ்ப்பாண மாவட்டத்தில் நடத்தப்பட்டு 2011இல் வெளியான மருத்துவ ஆய்வொன்று, அங்குள்ளவர்களுள் நூற்றுக்கு 32 பேருக்குமேல் பதகளிப்பின் அறிகுறிகளும், 22 பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகளும் கொண்டிருந்ததாகக் கணக்கிட்டது. அது யாழ்ப்பாணக் கணக்கு. இறுதி மாதங்களை வன்னியிற் கழித்தவர்களின் நிலையைக் கற்பனை செய்ய எண்கள் தேவையில்லை. இவர்களுள் உளமருத்துவரிடம் தாமாகப் போனவர்கள் எத்தனை பேர்? போனால் ‘விசர்’ என்ற பெயர் வீட்டுக்கே வந்துவிடும். மகளுக்குக் கலியாணம் பேசும்போது அது வாசலில் நிற்கும். எனவே நம்மவர் அங்கே போவதில்லை. வெளிநோயாளர் பிரிவுக்குப் போகிறார்கள். போய், ‘நாரி நோகுது’, ‘நெஞ்சுக்குள்ள அடைக்குது’, ‘மேலெல்லாம் எரியுது’, ‘தலையிடி விடுகுதில்லை’ என்கிறார்கள். மிஞ்சிப்போனால், ‘யோசனை கூடிப்போச்சு’ என்பார்கள். யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் பல காலமாக எழுதிவந்த உண்மைகளுள் இதுவும் ஒன்று: நம் மக்கள் மனத் துயரை உடம்பின் மொழியிலேயே முறையிடுகிறார்கள். அதனாலேதான் மூச்சுப் பயிற்சி, சாந்தியாசனம் போன்ற நம்முடைய பழைய பயிற்சிகளை மருத்துவத்தோடு சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார்.

உடம்பின் மொழியில் முறையிடுபவனிடம் உடம்பின் வழியாகவே போய்ச் சேருவது எளிதன்றோ? மாலையில் மைதானத்தைச் சுற்றி நடக்கிறவளை எவரும் விசர் என்று சொல்வதில்லை. கரப்பந்து அடிக்கிறவன் எந்தக் கொப்பியிலும் நோயாளி என்று பதியப்படுவதில்லை. நான் இத்துறையை வன்னிக்கு உரியது என்று சொல்வதன் முதற் காரணம் இதுவே.

வெறும் நம்பிக்கையன்று இது. 1999இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளுமென்தால் குழுவினர் கடும் மனச்சோர்வுற்ற 156 பேரை, எல்லாரும் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள், மூன்று கூட்டமாகப் பிரித்தனர். ஒரு கூட்டத்துக்கு மருந்து. ஒரு கூட்டத்துக்கு வாரம் மூன்று முறை வேகநடை அல்லது ஓட்டம் முதலிய பயிற்சி. ஒரு கூட்டத்துக்கு இரண்டும். பதினாறு வாரங்களின் பின் மூன்று கூட்டத்தாரும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறியிருந்தனர். மருந்து சற்று விரைந்து வேலை செய்தது. பயிற்சி பின்னால் வந்து அதனைப் பிடித்துக்கொண்டது. மருந்தை எறிந்துவிட்டு ஓடுங்கள் என்று இதற்குப் பொருளில்லை. அப்படிப் பொருள் கொள்பவன் உயிர்களோடு விளையாடுகிறான். அந்த 156 பேரும் பயிற்சி செய்யத் தாமே முன்வந்தவர்கள் என்பதையும் மறக்கலாகாது. படுக்கையைவிட்டு எழும்பவே மனமில்லாதவனை எப்படி எழும்பச் செய்வது? சரியான கேள்வி அதுதான். உடற்பயிற்சி உளவியல் என்ற துறையில் பாதிக்கு மேற்பட்டது அந்தக் கேள்வியைத்தான் குடைந்துகொண்டிருக்கிறது.

இங்கே ஒரு தடை எழும். தேநீர்க்கடையில் அந்தத் தந்தையே எழுப்பினார்: “விடியத் தொடங்கி இருளுமட்டும் வயலுக்க நிக்கிற எங்களுக்கு உடற்பயிற்சி என்னத்துக்கு, மாஸ்ரர்?”

நல்ல தடை. நானும் நெடுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆனால் ஆய்வாளர்கள் கண்டது வேறு. ஓய்வு நேரத்தில் தானே விரும்பிச் செய்யும் உடலசைவு மனத்துக்குத் தரும் நன்மையை, கூலிக்காக முதுகு வளைக்கும் உழைப்பு தருவதாகக் காணப்படவில்லை. தசைக்கு இரண்டும் ஒன்று, மனத்துக்கு ஒன்றல்ல. எட்வர்ட் டேசி, ரிச்சர்ட் றையன் என்ற இருவர் 1980களில் விரித்துரைத்த கொள்கை இதனை விளக்க உதவும். தானே தேர்ந்தது என்ற உணர்வும், தன்னால் முடிகிறது என்ற உணர்வும், தன்னோடு பிறர் இருக்கிறார்கள் என்ற உணர்வும் கிடைக்கும் செயலிலேயே மனிதன் ஊன்றி நிற்கிறான் என்பது அவர்கள் முடிவு. கடனுக்கு உழவியந்திரம் எடுத்து, மழைக்கும் யானைக்கும் பயந்து வயல் செய்கிறவனுக்கு இம்மூன்றில் எது கிடைக்கிறது? அதே மனிதன் ஞாயிறு மாலையில் தோட்டத்துக் களைப்போடு வந்து கரப்பந்து வலையின் முன் ஒருமுறை எம்பி அடிக்கும்போது மூன்றும் கிடைக்கின்றன. நம்முடைய ஊர்களில் விளையாட்டுக் கழகங்கள் கோயில்களுக்கு அடுத்தபடியாக உயிர் பிடித்து நின்றமைக்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் துணிபு.

ஆனால் அந்த வலையின் முன் நிற்பவர்கள் யார்? இளைஞர்கள், ஆண்கள், இரு காலும் உள்ளவர்கள். இதனைச் சொல்லும்போது முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மையாரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. எழுபது கடந்த வயதில், 2023இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் நடந்த மூத்தோர் மெய்வல்லுனர்ப் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் வேகநடையிலும் தங்கம் பெற்று வந்தார். நாடே வியந்தது, பத்திரிகைகள் படம் போட்டன, மாலை போட்டோம், மறந்தோம். அவர் வயதையொத்த ஆயிரம் பெண்கள் வன்னியில் அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் இடையே முடங்கிக் கிடக்க, இந்த ஒருவர் மட்டும் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்க எது காரணம் என்று எவரேனும் அவரிடம் உட்கார்ந்து கேட்டு எழுதினோமா? பட்டப்படிப்பு மாணவி ஒருத்திக்கு அதைவிட நல்ல ஆய்வுப்பொருள் எங்கே கிடைக்கும்?

இன்னுமொரு தடை உண்டு. அதனை எவரும் என்னிடம் எழுப்பவில்லை, நானே எழுப்பிக்கொண்டேன். 2017 முதல் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் தெருவோரக் கொட்டில்களில் இருந்து, காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகள் எங்கே என்று கேட்ட தாய்மாரிடம் போய், ‘அம்மா, மூச்சை மெல்ல இழுத்து மெல்ல விடுங்கள்’ என்று சொல்பவன் அறிவிலி மட்டுமல்லன், அநியாயக்காரனும் ஆவான். அவர்களுடைய துயரத்துக்கு வேண்டியது விடை. காணி இழந்தவனுக்கு வேண்டியது காணி. இத்துறையைப் படிப்பவர்கள் தங்கள் கைமருந்தை எல்லாக் காயத்துக்கும் பூசப் புறப்படுவார்களானால், ஆட்சியாளர்களுக்கு அதைவிட வசதியான படிப்பு வேறில்லை. அந்தப் பெண்ணிடம் நான் கடுமையாகச் சொன்ன ஒரே வார்த்தை இதுவே. அவள் நிமிர்ந்து பார்த்து, “தெரியும் சேர்” என்றாள். அவளுக்கும் ஒரு கதை இருக்கக்கூடும். நான் கேட்கவில்லை.

இப்பொழுது மாங்குளத்துக்கே திரும்புகிறேன். இச்சந்தியில் மாகாணத்தின் தலைநகரை அமைக்கலாம் என்ற பேச்சு பலமுறை எழுந்து அடங்கியது. தலைநகர் வரவில்லை. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றும் ஒன்று வந்தது. மாங்குளம் ஆதார வைத்தியசாலையில், நெதர்லாந்தின் உதவித் திட்டத்தின் கீழ்க் கட்டப்பட்ட விசேட புனர்வாழ்வுச் சிகிச்சை நிலையம் 2024இல் திறந்துவைக்கப்பட்டது. அதற்கு முன்பே, போரில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தவர்கள் தமக்கெனக் கூடி எழுப்பிய ‘உயிரிழை’ என்னும் அமைப்பு மாங்குளத்திலேயே வேர்கொண்டது. இவ்விரண்டும் ஒரே ஊரில் வந்து சேர்ந்தமையைப் பார்க்கும்போது எனக்கு இங்கிலாந்தின் ஸ்ரோக் மண்டவில் என்ற ஊர் நினைவுக்கு வருகிறது.

அந்தக் கதை எல்லாரும் அறிய வேண்டியது. லூட்விக் குட்மன் என்னும் யூத நரம்பு வைத்தியர் ஹிட்லருடைய ஜெர்மனியிலிருந்து 1939இல் அகதியாக இங்கிலாந்துக்கு ஓடிவந்தவர். 1944இல் ஸ்ரோக் மண்டவில் ஆஸ்பத்திரியில், போரில் முதுகெலும்பு முறிந்த வீரர்களுக்கான பிரிவை அவர் பொறுப்பில் விட்டார்கள். அந்நாளில் அத்தகைய நோயாளிகளை மருத்துவ உலகம் கைவிட்டிருந்தது. படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் சில காலத்தில் கொண்டுபோய்விடும். அதுவரை படுத்திருக்கட்டும் என்பதே வழக்கம். குட்மன் முதலில் அவர்களை இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிவிடச் சொன்னார். பிறகு சக்கர நாற்காலியில் ஏற்றி, பந்தையும் வில்லையும் கையிற் கொடுத்தார். தசைக்கு வலுவூட்டுவது மட்டும் அவர் நோக்கமன்று; இன்னொருவனை வெல்ல வேண்டும் என்ற ஆசை மீண்டும் பிறந்தால், வாழ வேண்டும் என்ற ஆசை அதன் பின்னால் வரும் என்று கண்டவர் அவர். 1948 ஜூலை 29ஆம் நாள், இலண்டனில் ஒலிம்பிக் தொடங்கிய அதே தினத்தில், ஆஸ்பத்திரிப் புற்றரையில் பதினாறு பேர் சக்கர நாற்காலியில் இருந்தபடி அம்பெய்தார்கள். 1960இல் உரோமாபுரியில் அது உலகப் போட்டியாயிற்று. இன்று நாம் பராலிம்பிக் என்று அழைப்பதன் தொடக்கம் அந்தப் பதினாறு பேர்.

2021இல் நடந்த டோக்கியோ பராலிம்பிக்கில் ஈட்டி எறிதலில் 67.79 மீற்றர் எறிந்து உலக சாதனையோடு இலங்கைக்குத் தங்கம் கொணர்ந்த தினேஷ் பிரியந்த ஹேரத், போரிலே கையிற் காயமடைந்த இராணுவ வீரர். அவரைப் பாராட்டுவதில் எனக்குத் தயக்கமில்லை. முறிந்த கையோடு எழுந்து நின்றவன் எந்தப் பக்கத்தவனாயினும் எழுந்து நின்றவனே. ஆனால் அவருக்குப் பின்னால் மைதானமும் பயிற்றுநரும் இராணுவத்தின் ஆதரவும் நின்றன. அதே போரில், அதே மண்ணில், கையும் காலும் இழந்த வன்னிப் பிள்ளைகளுக்குப் பின்னால் யார் நின்றார்? செயற்கைக் கால் கிடைத்தது. சிலருக்குத் தள்ளுவண்டியும் கிடைத்தது. வீட்டுக்கு அனுப்பினோம். அந்தக் காலை மாட்டிக்கொண்டு எங்கே போவது என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டோம்.

மருத்துவருக்கும் இயன்மருத்துவருக்கும் அப்பால் இன்னொருவர் வேண்டும் என்று நான் சொல்வது இங்கேதான். கால் பொருந்திவிட்டதா என்று பார்ப்பவர் ஒருவர். அதை மாட்டிக்கொள்ள இன்று ஏன் மனமில்லை என்று கேட்பவர் வேறொருவர். வலிக்கும் என்று அஞ்சி அசையாதிருப்பவன், அசையாததனாலேயே வலி மிகுந்து மேலும் அஞ்சுகிறான். இந்தச் சுழலை அறுக்கும் முறைகள் உண்டு. அவை கற்றுத் தெளிய வேண்டிய முறைகள். பெரிய இலக்கைச் சிறு சிறு படியாக வெட்டிக்கொடுப்பது, முடிந்ததை அவனே குறித்துவைக்கச் செய்வது, அவனைப்போன்ற இன்னொருவன் எழும்பி நடப்பதைக் கண்ணாற் காணச் செய்வது. அல்பேர்ட் பண்டூரா 1977இல் எழுதிய தன்னாற்றல் நம்பிக்கை பற்றிய கொள்கையின் சாரம் இவ்வளவே. உயிரிழை போன்ற அமைப்பினர் இவற்றிற் பலவற்றை நூல் படிக்காமலே ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றிருக்கக்கூடும். படித்து வருபவள் அவர்களுக்குக் கற்பிக்க வரவேண்டியதில்லை. முதலில் அவர்களிடம் கற்க வரவேண்டும்.

எங்கே படிப்பது? இலங்கையில் சப்ரகமுவ, ஸ்ரீ ஜயவர்த்தனபுர பல்கலைக்கழகங்களில் விளையாட்டு விஞ்ஞானம் பட்டப்படிப்பாக உண்டு. கடலுக்கு அப்பால், 1920இல் ஹாரி பக் என்னும் அமெரிக்கர் நிறுவிய உடற்கல்விக் கல்லூரி இருக்கும் அதே சென்னையில், 2005இல் தொடங்கிய தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு உளவியலுக்கும் சமூகவியலுக்கும் எனத் தனித் துறையே இருக்கிறது. இங்கிலாந்தில் இத்துறையின் பெயரைப் போட்டுக்கொள்வதற்கே 2009 முதல் சட்டப்படி பதிவு வேண்டும். உளவியற் பட்டமும் அதன் மேற்பட்டமும் பெற்றபின், மேற்பார்வையில் ஆண்டுக்கணக்காகத் தொழில் பழகியவருக்கே அது கிடைக்கும். மூன்று நாட் பட்டறையில் சான்றிதழ் வாங்கிக்கொண்டு உளவளத்துணையாளராகிவிடும் நம் ஊர் வழக்கத்துக்கு அதைச் சற்றுக் காட்டவேண்டும் போலிருக்கிறது.

என் ஆதங்கம் வேறு. இப் பெண் தென்னிலங்கைக்குப் போய் ஆங்கிலத்தில் படித்துத் திரும்புவாள். ‘பதகளிப்பு’ என்ற நம்முடைய அழகிய சொல் அவள் குறிப்பேட்டில் இருக்காது. ‘யோசனை’ என்று கிழவி ஒருத்தி சொன்னால், அது வெறும் எண்ணமன்று, நித்திரையைத் தின்னும் நோய் என்று அவளுடைய பாடநூல் சொல்லாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1978 முதல் மருத்துவபீடம் இருக்கிறது. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. இரண்டுக்கும் இடையில் கண்டி வீதியில் மாங்குளம் இருக்கிறது. அங்கே புனர்வாழ்வு நிலையம் இருக்கிறது. பாடம் ஒரு முனையில், உடற்பயிற்சியும் கணிப்பும் மறுமுனையில், செய்முறை நடுவில் என்று தமிழிலே ஒரு பட்டப்பின் படிப்பையாவது தொடங்குவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் இத்தீவில் உண்டா? கட்டடம் கேட்கவில்லை, மைதானம் ஒன்று, அதைச் சுற்றிச் சக்கர நாற்காலி உருளக்கூடிய ஒரு சமதரைப் பாதை, பத்து மாணவர், இரண்டு ஆசிரியர். பட்டமளிப்பு விழாவுக்குச் செலவாகும் பந்தற் காசில் ஒரு பகுதி போதும் என்று சொன்னால் பெரியவர்கள் கோபிப்பார்கள், கோபிக்கட்டும்.

இவ்வளவையும் அன்று நான் ஒழுங்காகச் சொல்லவில்லை. பாதி சொல்லுமுன் வவுனியா பஸ் வந்து நின்று, இரைச்சலில் பேச்சு அறுந்தது. அந்தத் தந்தை கைநூலைச் சுருட்டி வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, மகளுக்குக் கேட்காதபடி என் பக்கம் சரிந்து, தம் தம்பி ஒருவன் இருப்பதாகவும், செல் விழுந்து முதுகில் அடிபட்டவன் என்றும், பதினைந்து வருஷத்துக்கு மேலாக வீட்டுத் திண்ணையை விட்டு இறங்குவதில்லை என்றும் சொன்னார்.

“காலுக்கு ஒண்டும் பெரிசாய் இல்லை எண்டு டொக்டர்மார் சொல்லீட்டினம், மாஸ்ரர். ஆனால் இறங்கிறானில்லை.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மறுபடி கைநூலை விரித்து, விரலை எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டி, “இது எத்தனை வருஷப் படிப்பு?” என்று கேட்டார்.